ஆறாவது எண்

ஆதார் கார்டைத் தேடி சங்கர்ராம் மூன்றாவது முறையாக அதே அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். முன் அறையில் அவருடைய தங்கையின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மொள்ளும் சத்தமும், "மெதுவாட்டு, கழுத்தைப் பிடிச்சுக்கோங்கோ" என்று அவர் மனைவி விசாலாக்ஷி யாரிடமோ சொல்வதும் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டன. ஆதார் இல்லாமல் மயானத்தில் பெயர் பதிய மாட்டார்கள். முப்பது வருஷமாக மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு வியாபாரிகளுக்கும் சுக்கு வியாபாரிகளுக்கும் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற மனிதர் அவர். எவனுடைய காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூடப் பிறந்தவளின் ஒரு காகிதத்துக்காக முக்கால் மணி நேரமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

அலமாரியில் துணிமணி ஒரு தட்டுதான். மற்ற மூன்று தட்டுகளிலும் சாயக் குழாய்கள், தூரிகைகளை நிறுத்தி வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சுருட்டிய கேன்வாஸ். மாளவிகா படம் வரைந்து பிழைத்தவள். ஃபோர்ட் கொச்சிப் பக்கத்துச் சாயாக் கடைகளெல்லாம் கஃபே என்று பெயர் மாற்றிக்கொண்ட காலத்தில் பாதிக் கடைகளின் சுவர் அவள் கைதான். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு வகுப்பு எடுப்பாள். மழைக்காலத்தில் உட்கார்ந்து தபாலட்டை அளவில் படகும் கிடங்கும் மையால் வரைந்து, சீசன் வந்ததும் யூதத் தெருக் கடைகளில் விற்கக் கொடுப்பாள். "எனக்கு ஒரு மாசம் ஓணம், மறு மாசம் ஏகாதசி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தொன்பது வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. இன்று விடிகாலையில் பக்கத்து வீட்டு ஷபானா சாயா கொண்டுவந்து எழுப்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. இழுத்துத் திறந்தார். மேலாகவே ஆதார் கிடந்தது. அதற்குக் கீழே வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்ட பில் கட்டுகள். சாயம், கேன்வாஸ், சட்டம் போட்ட கூலி, ஃபெர்ரி டிக்கெட் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு பில்லின் பின்னாலும் பொடி எழுத்தில் மலையாளத்தில் எழுதியிருந்தாள். தமிழ் அவளுக்குப் பேச வருமே தவிர எழுத வராது. 'தோப்பும்படி ஹார்பர் படத்துக்குப் பச்சை, இரண்டு டியூப்.' 'கஃபே சுவர், வெள்ளை தீர்ந்து மறுபடி வாங்கியது.' 'இது என் ஆசைக்கு வாங்கியது, கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்த பாடம். "தனியாட்டு தொழில் பண்றவா ஒரு துண்டுக் காயிதத்தக்கூடக் களையப்படாது, கேட்டியா. எதுக்கு வாங்கினதுன்னு பின்னால எழுது. ஆறு வருஷம் பத்திரமா வை" என்று ஒரு நாள் பெரிய மனுஷனாக உபதேசம் செய்திருந்தார். அவள் ஒன்பது வருஷத்தை வைத்திருந்தாள். ஜூன் பிறந்தால் அந்த வருஷத்துக் கட்டை அவர் மேஜைக்குக் கொண்டுவருவாள். "இதொண்ணும் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் வேண்டாம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

கதவு திறந்தது. விசாலாக்ஷியின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"கெடச்சுதா? எத்தன நேரமாட்டு தேடறேள்? வாத்தியார் வந்தாச்சு. கோடிப் புடவை எங்கேன்னு கேக்கறார்."

"பைல இருக்கு. நீ போ, வரேன்."

"கொஞ்சம் அழுதுட்டாவது வாங்கோ. காலம்பறலேந்து ஒரு மாதிரி இருக்கேள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழுகை வரத்தான் பார்த்தது. அதற்குள் ஒரு கணக்கு குறுக்கே வந்து நின்றது. டாக்டர் சொன்னது வாரம் மூன்று டயாலிசிஸ். ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மாதம் பதின்மூன்று தடவை என்று வைத்தால் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சங்கர்ராம் மாதாமாதம் கொடுத்தது பத்தாயிரம். ஊரார் கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தால் சாப்பாடு இறங்காத ஆள், இந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறை ஒன்றரை வருஷம் கேட்காமலே விட்டிருந்தார். "செரியா போறியோ?" என்பார். "போறேண்ணா" என்பாள். இரண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் மறைத்து வைத்த விஷயம் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கணக்கு எழுதும் இடத்தில் விற்கிறவன் பேச்சும் காதில் விழும், வாங்குகிறவன் பேச்சும் காதில் விழும். இரண்டு பேரையும் சேர்த்துவைத்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். வருஷத்துக்கு ஐந்தாறு லட்சம் தேறியது. அதைத் தன் பெயரில் காட்டினால் நூற்றுக்கு முப்பது ரூபாய் வரியாகப் போகும். தங்கையின் பான் கார்டு காலி வீடு போலக் கிடந்தது. பணத்தை அங்கே குடிவைத்தார். அவள் பெயரில் பஜாரில் ஒரு பாங்குக் கணக்கைத் தொடங்கி, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அவளுடைய வரிக் கணக்கில் தொழில் என்ற இடத்தில் 'கமிஷன் ஏஜெண்ட்' என்று போட்டார். கமிஷன் ஏஜெண்டுக்குப் பச்சைச் சாயம் எதற்கு? அதனால்தான் அந்தப் பில் கட்டுகள் வேண்டாதவையாகப் போயின. அடுத்த வருஷமும் அப்படியே போட்டார், அதற்கடுத்த வருஷமும் போட்டார். ஒரு காகிதத்தில் இருப்பது இன்னொரு காகிதத்தில் மாறக் கூடாது என்பது அவர் தொழிலில் வேதம்.

அவளிடம் அரைகுறையாகச் சொல்லித்தான் வைத்தார். "உன் பேப்பர் பலமாட்டு இருக்கும் மாளு. நாளைக்கு லோன் வேணும்னா கெடைக்கும், விசா வேணும்னா கெடைக்கும்."

"எனக்கெதுக்கண்ணா விசா? ஃபெர்ரி ஏறி வைப்பின் போயிட்டு வரதுக்கே காசு எண்ணிண்டிருக்கேன்."

"பாங்குலேந்து மெஸேஜ் வரும். அத ஒண்ணும் நோக்கண்டாம், அழிச்சுடு."

"செரி."

தீபாவளிக்கு ஒரு புடவையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுப்பார். வாங்கிக்கொண்டு நமஸ்காரம் பண்ணுவாள். அந்த நேரங்களில் தான் ஒரு நல்ல அண்ணன் என்றே சங்கர்ராம் மனதார நம்பினார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவள் தயவு வேண்டியிருந்தது. கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும் அவள் போனுக்கு ஓடிபி என்று ஆறு எண் வரும். அதைச் சொன்னால்தான் கணக்கு போய்ச் சேரும். இவர் கூப்பிடுவார், அவள் படிப்பாள். ஐந்து எண்ணோடு நிறுத்திக்கொள்வாள்.

"ஆறாவதுக்கு எந்தா தருவே?"

"படுத்தாதே மாளு, டைம் தீந்துடும்."

"தரேன்னு சொல்லு."

"மசால் தோசை."

அதற்கப்புறம்தான் ஆறாவது எண் வரும். மசால் தோசையை வாங்கிக் கொடுத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. போன ஜூலையில் மட்டும் ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

டின்னை மூடி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆதாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன் அறைக்கு வந்தார்.

மாளவிகாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஈரத் தலையை விசாலாக்ஷி வகிடெடுத்து வாரியிருந்தாள். இடது முழங்கையருகே, மாதக்கணக்காக ஊசி ஏறின இடம் புடைத்துத் தெரிந்தது. அதன்மேல் புடவைத் தலைப்பை யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். வாசல்நடையில் நின்ற ஏழெட்டு உறவுக்காரர்களில் பாலக்காட்டிலிருந்து முதல் ரயிலில் வந்த பெரியப்பா மகன் நாணு ஒருவர். அவர் சங்கர்ராமின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் விசாரப்படாதே. உன்னப்போல ஒரு அண்ணா கெடைக்க அவ புண்ணியம் பண்ணியிருக்கணும். கடசி வரைக்கும் பாத்துண்டாய் அல்லவா. இந்தக் காலத்துல யாரு பாக்கறா?"

"அப்படியொண்ணும் இல்ல, நாணு அண்ணா."

"நீ அப்படித்தான் சொல்லுவாய். மாசாமாசம் பத்தாயிரம்னு விசாலம் சொன்னா."

சங்கர்ராமுக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

ஷபானா வாசல் படியோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தையல் வேலை செய்கிறவள். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், அவர்கள் வீட்டிலும் தமிழ்தான். ஒன்றரை வருஷமாக மாளவிகாவைத் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவந்தவள் அவள். விடிந்ததிலிருந்து மாளவிகாவின் போனை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் போன் டிங் என்றது. பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுந்து, சங்கர்ராமைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டாள்.

"சேட்டா, இது எந்தான்னு பாருங்க."

பாங்குச் செய்தி. சுக்கு மொத்த வியாபாரி யூசுப்பின் கடையிலிருந்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வரவு. இருப்பு ஒன்பது லட்சத்துப் பதினெட்டாயிரம். போன வாரம் முடிந்த சரக்கின் கமிஷன். வியாபாரத்தில் நாணயமான மனுஷர், சொன்ன தேதியில் அனுப்பிவிட்டார். சங்கர்ராம் போனைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

"யூசுபிக்கா படம் ஏதானும் வாங்கியிருப்பார்" என்றார்.

"படமா? அவ பிரஷ்ஷப் பிடிச்சு ஏழு மாசம் ஆச்சே சேட்டா. கை நடுங்குமே."

"அட்வான்ஸா இருக்கும். முன்னால சொல்லி வெச்சது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம். சோறாவது கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஷபானாவின் கட்டைவிரல் போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது. இதே போன்ற செய்திகள் வரிசையாக வந்தன. முப்பத்தெட்டாயிரம், ஐம்பத்தொன்று, இருபத்தேழு. மாளவிகா ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றும் அவள் கையில் வந்து விழுந்திருக்கிறது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும்போதும் வந்திருக்கும், காசில்லை என்று டயாலிசிஸுக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்த நாளிலும் வந்திருக்கும். தன் பெயரில் ஒன்பது லட்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அவள் மாதம் பத்தாயிரத்தைக் கை நீட்டி வாங்கியிருக்கிறாள்.

"சங்கர்ராம், வாங்கோ. வாய்க்கரிசி போடணும்" என்று வாத்தியார் கூப்பிட்டார்.

மூன்று முறை அரிசியை எடுத்து அவள் வாயில் இட்டார். இட்டபோது மசால் தோசை ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு எட்டு தோசை; ஒன்பதாவது வருஷம் அவள் கேட்கவில்லை. இந்த நினைப்புக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. விரலில் ஒட்டிய அரிசியை உதறத் தெரியாமல் நின்றவரை விசாலாக்ஷி கையைப் பிடித்து நகர்த்தினாள்.

வண்டி கிளம்பும்போது ஷபானா ஸ்கூட்டரை எடுத்தாள். பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கமில்லையே என்று நாணு மெல்ல இழுத்தார். "அவ போகட்டும். எல்லா இடத்துக்கும் அவதானே கூடப் போனா" என்றாள் விசாலாக்ஷி.

மயானத்தில் முன்னால் ஒரு உடல் எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நாணுவும் மற்றவர்களும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சங்கர்ராம் தள்ளிப்போய் பாதாம் மரத்தடியில் நின்றுகொண்டார். ஷபானா அங்கே வந்தாள். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"சேட்டா, இத உங்ககிட்டக் காட்டக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தா. வாங்கினவளே போயிட்டா."

கலைஞர்களுக்குச் சிகிச்சை உதவி கொடுக்கும் ஒரு நிதியிலிருந்து ஜூன் மாதம் வந்த கடிதம். ஆங்கிலத்தில் ஆறு வரி. அனுப்பப்பட்ட வருமான வரிக் கணக்கின்படி விண்ணப்பதாரரின் தொழில் கமிஷன் ஏஜெண்ட், வருட வருமானம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம்; உதவிக்கான வரம்பு மூன்று லட்சம்; ஆகவே வருத்தத்துடன். சங்கர்ராம் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கடிதங்களைப் படித்திருக்கிறார். பிழையே இல்லாத கடிதம். அவர் எழுதியதைத்தான் அவர்கள் திருப்பி எழுதியிருந்தார்கள்.

"வரிக் கணக்கு காப்பி வேணும்னாங்க. கம்ப்யூட்டர் சென்டர்ல எடுத்தோம். அவ படிச்சுக்கூடப் பாக்கல. 'அண்ணா எழுதினதாக்கும், அதுல பாக்க எந்தா இருக்கு'ன்னு அப்படியே கவர்ல போட்டா" என்றாள் ஷபானா. "இது கெடச்சிருந்தா டயாலிசிஸ் மொத்தமும் அவங்க கட்டுவாங்க சேட்டா. நாங்க ஃபெப்ருவரிலேந்து வாரம் ரெண்டுதான் போனோம். கடைசி மாசம் ஒண்ணு."

"என்கிட்டப் பறஞ்சிருக்கலாமே."

சொன்ன பிறகு அந்த வார்த்தைக்காக வெட்கப்பட்டார். ஷபானா அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் அவகிட்டப் பறஞ்சேன். சேட்டன்கிட்டப் போலாம் வா, இது தப்பா எழுதினதுன்னு ஒரு லெட்டர் தந்தாப் போதும், மறுபடி கொடுக்கலாம்னேன். அந்த ஆபீஸ்லயும் போன்ல அதத்தான் சொன்னாங்க. அவ இந்தக் காயிதத்த ரொம்ப நேரம் கையில வெச்சுட்டிருந்தா. அப்றம் எந்தா சொன்னா தெரியுமா? 'எங்கண்ணாவுக்குக் கணக்கு தப்பாது ஷபானா. தப்புன்னு எழுதிக் குடுத்தான்னா அவன் மாட்டிப்பான்.' எனக்கு அன்னைக்கு ஒண்ணும் மனசிலாகல."

ஜூன் மாதம். அடுத்த மாதம்தான் அவள் ஆறு எண்ணையும் நிறுத்தாமல் சொன்னாள். எந்த வேலைக்குக் கேட்கிறார் என்று தெரிந்து, மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க, படித்துக் காட்டியிருக்கிறாள். காகிதத்தை ஷபானா திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் மடித்து வைக்கத் தோன்றவில்லை.

"சேட்டா, அந்த நாப்பத்திரண்டாயிரம் ஆரோடது?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆபீஸ் அறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மாளவிகா! ஆளு யாரு? பேப்பர் கொண்டு வாங்க!"

ஆபீஸ் அறை என்றால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை விசிறி. கார்ப்பரேஷன் ஊழியர் அருண்பாண்டி. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து துப்புரவு வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. படித்து மேஜைக்கு வந்தவர். சட்டைக் கழுத்தோரம் தெரிந்த பூணூலைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"உக்காருங்க சாமி. ஆதாரும் ஆஸ்பத்திரி லெட்டரும் தாங்க. இந்த ஃபாரத்தப் பூர்த்தி பண்ணிட்டீங்கன்னா நான் ஏத்திடுவேன்."

ஃபாரம் என்றால் சங்கர்ராமின் கை தானே ஓடும். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், இறந்த நேரம். மலையாளத்தில் மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தார். எட்டாவது வரியில் பேனா நின்றது. இறந்தவரின் தொழில்.

அருண்பாண்டி, காலையில் டயாலிசிஸ் ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய லெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொழிலா? இதுல பிசினஸ்னு இருக்கு சாமி. அதையே போட்டுடுங்க."

பிசினஸ் என்று சொன்னது யார்? முதல் நாள் ஆஸ்பத்திரி கவுண்டரில், தங்கை பக்கத்திலேயே நாற்காலியில் முகம் வீங்கி உட்கார்ந்திருக்க, சங்கர்ராம்தான் சொன்னார். வரிக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்ற ஜாக்கிரதை. அவள் தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒன்பது லட்சத்துக்கு நாமினி அவர்தான். இந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்த்தான் பணத்தை எடுக்க வேண்டும். தங்கையின் கடைசி வருஷக் கணக்கையும் வாரிசு என்ற முறையில் அவர்தான் போட வேண்டும். காகிதங்கள் ஒத்துப்போனால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் யாராவது ஒரு குமாஸ்தா நிமிர்ந்து பார்ப்பான், ஒரு நூலை இழுப்பான், ஒன்பது வருஷமும் பின்னாலேயே வரும். அப்புறம் பஜாரில் எந்த வியாபாரி இவரிடம் கணக்கு கொடுப்பான்?

"என்ன சாமி யோசனை? பிசினஸ்தானே?"

அவர் எழுதினார். 'சித்ரகாரி.' நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. ஒன்பது வருஷத்தில் அவள் தொழிலை ஒரு காகிதத்தில் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

அருண்பாண்டி எட்டிப் பார்த்தார். "படம் வரையறவங்களா? நல்ல விஷயம். ஆனா லெட்டர்ல மாறுதே சாமி. உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணுக்கொண்ணு மாறினா பின்னால பாங்கு, வில்லேஜ் ஆபீஸ்னு ஏறி எறங்கணும். அடிச்சுட்டு மாத்துங்க, வேற ஃபாரம் வேணா தாரேன்."

இதே வார்த்தைகளை இதே குரலில் அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்!

"வேண்டாம்" என்றார். "மாறட்டும். அதுல இருக்கறது நான் சொன்னது. அது தப்பு."

அருண்பாண்டி அவர் முகத்தைப் பார்த்தார். சாவு வீட்டு ஆட்கள் பலவிதம் என்று நினைத்திருப்பார். ஃபாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். இரண்டு விரலால் அடிக்கிறவர், நேரம் ஆனது. வெளியே எரிவாயு அடுப்பின் இரைச்சல் நின்றது. முன்னால் வந்தவர்களின் முறை முடிந்திருக்க வேண்டும்.

"மொபைல் நம்பர் சொல்லுங்க."

சங்கர்ராம் பத்து எண்ணையும் மடமடவென்று சொன்னார். சொல்லி முடித்த கையோடு பின்னாலிருந்து டிங் என்று சத்தம் வந்தது. திரும்பினார். வாசலில் ஷபானா நின்றுகொண்டிருந்தாள், மாளவிகாவின் போன் அவள் கையில். மாளவிகா பெயரில் எந்த ஃபாரத்தை எழுதினாலும் மாளவிகா நம்பரைச் சொல்லியே பழகிய வாய். அவள் செத்துப்போனதற்கான ஃபாரத்திலும் அதையே சொல்லியிருந்தது.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லிடுங்க. நேரம் போச்சுன்னா மறுபடி முதல்லேந்து ஏத்தணும்" என்றார் அருண்பாண்டி.

ஷபானா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "எட்டு" என்றாள். "மூணு. மூணு. ஏழு. ஒண்ணு."

அங்கே நின்றுவிட்டாள்.

சங்கர்ராம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த விளையாட்டு இவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. அவள் போனைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கவிழ்ந்தும் கவிழாமலும் கிடந்த ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொழில்னு எந்தா எழுதினீங்க சேட்டா?"

"இன்னும் ஒரு நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் அருண்பாண்டி.

சங்கர்ராம் ஃபாரத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார். எட்டாவது வரியில் விரலை வைத்தார். விரல் நுனியில் ஒரு அரிசி இன்னும் ஒட்டியிருந்தது. ஷபானா கிட்டே வந்து குனிந்து படித்தாள்.

"நாலு" என்றாள்.

அருண்பாண்டி அதையும் அடித்தார்.